தேவிகுளம், பீர்மேடு இணைப்புச் சிக்கலும் ‘மண்ணின் மக்கள்’ என்ற வரையறையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஓர் அரசியல் ஒன்றியத்திலிருந்து ஒரு நிலப்பகுதி பிரிய வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது, அப்பகுதி மக்களின் விருப்பம் என்ன என்ற வினாவும் உடன் எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காணுமுன், அம்மக்கள் யாவர் என்பதை வரையறுத்தாக வேண்டும். திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைப் பிரித்துச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என 1956 வரை நடைபெற்ற பொது விவாதத்தை இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது. மொழிப் பெரும்பான்மையைக் காட்டிலும், தோட்டத் தொழிலாளர் அம்மண்ணுக்கு உரியவரா என்ற வரையறையே இச்சிக்கலில் முதன்மை பெற்றது என்பதும், அவ்வரையறையின் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தேவிகுளம், பீர்மேடு, மாநிலச் சீரமைப்பு ஆணையம், கம்பம் பள்ளத்தாக்கு, தோட்டத் தொழிலாளர், முல்லைப் பெரியாறு.

முன்னுரை

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையாக அமைந்துள்ள மலைத்தொடரை மூன்று முதன்மையான பாதைகள் கடக்கின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்வது ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறுவது மற்றொன்று. கூடலூரையும் லோயர் கேம்பையும் கடந்து குமுளியை அடைவது மூன்றாவது. இம்மூன்று பாதைகளும் சென்று சேரும் நிலப்பகுதி, 1972-இல் உருவான கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய இரு வட்டங்களும், தேவிகுளத்திலிருந்து பிரிந்த உடும்பன்சோலை வட்டமும் தமிழக எல்லைப் போராட்ட வரலாற்றில் நிலையான இடம் பெற்றவை.

இப்போராட்டம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் குமரி மாவட்டத்தை மையமாகக் கொண்டவை. வெற்றி பெற்ற பகுதியின் வரலாறு விரிவாக எழுதப்பட்டதும், இழந்த பகுதியின் வரலாறு ஒரு முறையீடாகச் சுருங்கியதும் இயல்பே. ஆயினும், கோரிக்கை ஏற்கப்படாத இடத்திலேயே அதனை மறுத்த அளவுகோல்கள் தெளிவாகப் புலப்படுகின்றன.

1. மலையும் பள்ளத்தாக்கும்

கண்ணன் தேவன் மலைகளைத் தோட்டப் பயிருக்காக 1877-இல் ஜான் டேனியல் மன்றோவுக்கு வழங்கியவர் பூஞ்சாறு அரசர். பாண்டிய மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வது அவ்வரச குடும்பத்தின் வழக்கம். தோட்டங்கள் விரிவடைந்தபோது கங்காணிகள் வாயிலாக மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மூணாற்றில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டுப் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அழிக்கும்வரை இம்மலைப் பொருளாதாரத்தின் வாயில் கிழக்கு நோக்கியே இருந்தது.

தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் உள்ள வேறுபாடு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. தேயிலைத் தோட்டத்திற்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. ஆகவே தொழிலாளர் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டுத் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தனர். ஏலத்தோட்ட வேலையோ பருவத்தைச் சார்ந்தது. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்கும் கூலித் தொழிலாளரை இன்றும் காணலாம். தோட்ட உரிமையாளர் பலரும் பள்ளத்தாக்கு ஊர்களில் வாழ்பவர்களே. ஆக, மலையில் குடியிருந்து உழைப்பவர், நாள்தோறும் வந்து செல்பவர், கீழே வாழ்ந்து மேலே நிலம் வைத்திருப்பவர் என மூவகைத் தமிழர் இம்மலையோடு தொடர்புடையவர் ஆயினர். பின்னாளில் நிகழ்ந்த விவாதம் இம்மூவரையும் ஒரே சொல்லால் குறித்தது.

2. பிரிவுக் கோரிக்கை

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்துடன் இணைக்கும் நோக்கில் 1945-இல் நாகர்கோவிலில் தோன்றிய அமைப்பு, பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. மார்ஷல் நேசமணி அதன் முதன்மைத் தலைவராக விளங்கினார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றுடன் தேவிகுளமும் பீர்மேடும் அதன் கோரிக்கையில் இடம்பெற்றன. 1954 தேர்தலில் அக்கட்சி 12 இடங்களைப் பெற்றது. அதன்பின் காங்கிரசின் ஆதரவோடு பட்டம் தாணு பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை அமைந்தது.

அவ்வாண்டு சூலையில் மூணாற்றில் தடையை மீறிக் கூட்டம் நடத்திய நேசமணி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 11-இல் தென் திருவிதாங்கூரில் நடந்த போராட்டத்தின்போது மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் உயிரிழந்தனர். தம் கட்சியின் ஆட்சியே இதனைச் செய்தமையால் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என இராம் மனோகர் லோகியா வலியுறுத்தினார். தேவிகுளத்தில் மூண்ட கிளர்ச்சிக்காகக் குமரியில் உயிர்கள் பலியாயின; இறுதியில் குமரி இணைந்தது, தேவிகுளம் இணையவில்லை.

1955-இல் பட்டம் தாணு பிள்ளையின் அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பம் ஒன்றுக்கு 5 ஏக்கர் என மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. கல்லாறு அருகிலுள்ள பட்டம் காலனி இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. எல்லை குறித்த முடிவு நிலுவையில் இருந்த காலத்தில் மக்கள்தொகையின் இயைபை மாற்றும் முயற்சியாகத் தமிழ்த் தரப்பு இதனைக் கண்டது. உணவு உற்பத்திக்காகவும் நிலமற்றோர்க்காகவும் வகுக்கப்பட்ட திட்டமாக அரசு இதனை முன்வைத்தது. நோக்கம் எதுவாயினும், குடியேற்றத்தால் உரிமை உருவாகும் என்ற கொள்கையை அத்திட்டம் நடைமுறையில் ஏற்றுக்கொண்டது என்பது கருதத்தக்கது.

3. ஆணையத்தின் அளவுகோல்

பசல் அலி, எச். என். குன்சுரு, கே. எம். பணிக்கர் ஆகியோர் அடங்கிய மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30-இல் அறிக்கையளித்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னைக்கு மாற்றப் பரிந்துரைத்த ஆணையம், தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் மாற்ற மறுத்தது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் தெளிவான பெரும்பான்மையினர் என்பது மறுக்கப்படவில்லை. எனினும் அப்பெரும்பான்மை இடம்பெயர்ந்து வந்த தோட்டத் தொழிலாளரால் அமைந்தது என்பதும், இம்மலை வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியின் பொருளாதாரத்திற்கு இன்றியமையாதவை என்பதும் காரணங்களாயின.

பணிக்கர் மலையாளி என்பதைச் சுட்டித் தமிழ்த் தரப்பில் ஐயம் எழுப்பப்பட்டது. பீகாரைச் சார்ந்த எல்லைச் சிக்கல்களில் தலைவர் பசல் அலி தாமாகவே விலகி நின்றார் என்பதை இதனோடு ஒப்பிடலாம். ஆயினும் தனியொருவரின் சார்பைவிட, ஆணையம் கைக்கொண்ட அளவுகோலே ஆய்வுக்குரியது.

அவ்வளவுகோலில் இரு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, நிலையற்ற தொழிலாளர் என்ற விவரிப்பு ஏலத்தோட்டப் பகுதிக்கு ஓரளவு பொருந்தும். லயங்களில் பிறந்து வளர்ந்த தேயிலைத் தொழிலாளர்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. இரண்டாவது, அதே மலையில் வாழ்ந்த மலையாள உழவரும் அண்மையில் குடியேறியவரே. 1940-களின் உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் காட்டுநிலங்கள் பயிரிடத் திறந்துவிடப்பட்டபோது மீனச்சில், தொடுபுழை முதலிய பகுதிகளிலிருந்து அவர்கள் மலையேறினர். நிலம் பெற்றுக் குடியேறியவர் மண்ணுக்குரியவராகவும், கூலிக்கு வந்து தலைமுறைகளைக் கடந்தவர் வந்தேறியாகவும் கொள்ளப்பட்டனர். பட்டா உடைமையே குடிமையின் சான்றாயிற்று என்பது இதனால் பெறப்படும்.

இருதரப்பும் கணக்கில் கொள்ளாதோரும் உளர். மன்னான், முதுவர், ஊராளி, பளியர் ஆகிய தொல்குடியினர் தோட்டங்களுக்கு முன்பே இம்மலையில் வாழ்பவர். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தோர் எனத் தம் தோற்றத்தைக் கூறும் முதுவரை எந்த மொழியின் கணக்கில் சேர்ப்பது? பழமையே உரிமைக்கு அடிப்படை எனில் இவர்களது குரலே முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

4. தமிழகத்தினுள் கருத்து வேறுபாடு

இச்சிக்கலில் தமிழகம் ஒரே குரலில் பேசியது என்ற எண்ணம் பிற்காலத்தது. ம. பொ. சிவஞானம் இந்தியக் கூட்டாட்சிக்குள் மொழிவழித் தமிழகத்தின் எல்லைகளை மீட்பதை முதன்மையாகக் கொண்டார். திராவிட முன்னேற்றக் கழகமோ அக்காலத்தில் மலையாளிகளையும் உள்ளடக்கிய திராவிட நாடு கோரியது. நாளை ஒரே நாடாக இணைய வேண்டிய இரு மொழியினரின் எல்லைக்காக இன்று போராடுவது எங்ஙனம் என்ற முரண் அதன் நிலைப்பாட்டில் இருந்தது. காங்கிரஸ் ஆட்சியோ நடுவணரசின் முடிவோடு ஒத்துச்செல்ல வேண்டிய நிலையில் இருந்தது.

1956-இன் தொடக்கத்தில் தென் மாநிலங்களை ஒன்றாக்கும் தட்சிணப் பிரதேசத் திட்டம் முன்மொழியப்பட்டபோது இவ்வேறுபாடுகள் தற்காலிகமாக மறைந்தன. அத்திட்டத்தை எதிர்த்தும், தேவிகுளம், பீர்மேடு இணைப்பையும் ‘தமிழ்நாடு’ என்ற பெயரையும் கோரியும் பிப்ரவரி 20-இல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. தட்சிணப் பிரதேசம் கைவிடப்பட்டது. நவம்பர் 1-இல் குமரி மாவட்டமும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைத்தன.

5. விருப்பத்தை அறியும் வழி

அரசமைப்பின் 3-ஆம் உறுப்பின்படி மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உரியது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைப் பெற வேண்டும். அதன் ஒப்புதல் தேவையில்லை. எல்லைப்பகுதி மக்களிடம் நேரடியாகக் கேட்கும் வழி அவ்வுறுப்பில் இல்லை. ஆணையமும் மக்கள் விருப்பத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகவே கொண்டது. பொதுவாக்கெடுப்பு இந்தியாவுக்குப் புதியதன்று. மகாராட்டிரத்துடன் இணைவதா என்பது குறித்து 1967 சனவரி 16-இல் கோவா மக்கள் வாக்களித்து 34,021 வாக்கு வேறுபாட்டில் மறுத்தனர். தேவிகுளத்திற்கு அவ்வாய்ப்பு வழங்கப்படவில்லை.

எனினும் வாக்கெடுப்பு நடந்திருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது குறித்துப் பிரிட்டன் 2016 சூன் 23-இல் வாக்களித்தது. 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தனர். அவ்வாக்கெடுப்பில் பிரிட்டனில் வாழ்ந்த இந்தியக் குடிமகன் காமன்வெல்த் உரிமையால் வாக்களிக்க முடிந்தது. பல்லாண்டுகள் அங்கேயே உழைத்த போலந்துக் குடிமகனால் இயலவில்லை. முடிவால் பெரிதும் பாதிக்கப்படுவோர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மூணாற்றில் வாக்கெடுப்பு நடந்திருப்பினும், லயத்துத் தொழிலாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தால் வாக்காளர் ஆவார் என்ற வினாவே முதற்பூசலாக அமைந்திருக்கும்.

6. நிலமும் நீரும்

பீர்மேட்டை இழந்தமையாலேயே முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் எழுந்தது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் பரவலாக நிலவும் கருத்து. அணை பீர்மேடு வட்டத்தில் உள்ளது என்பதால் இக்கருத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆனால் நீருரிமையின் அடிப்படை 1886 அக்டோபர் 29-இல் 999 ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட குத்தகை ஒப்பந்தமாகும். பாசன ஒப்பந்தங்கள் தொடர்வதற்கு 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு வழிசெய்தது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2014-இலும் தீர்ப்பளித்தது. நிலம் கைவிட்டுப் போயினும் நீருக்கான சட்டப் பிடிமானம் நிலைத்தது. அதே சட்டம் மலைவாழ் தொழிலாளரின் உரிமைகளுக்கு இணையான காப்பு எதையும் வகுக்கவில்லை.

2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அணையின் உறுதி குறித்த அச்சம் கேரளத்தில் பெருகியபோது எல்லையின் இருபுறமும் பதற்றம் மூண்டது. பள்ளத்தாக்கு மக்கள் பல்லாயிரவராகத் திரண்டு குமுளி நோக்கிச் சென்றனர். தோட்டத் தொழிலாளர் பலர் மலையை விட்டிறங்கித் தேனி மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். இடுக்கியைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற முழக்கம் மீண்டும் ஒலித்தது. கீழே உழவர்க்கு அது நீர்க்காப்பின் முழக்கம். மேலே தொழிலாளர்க்கோ அன்றாட வாழ்வைப் பணயமாக்கும் முழக்கம். நீர் கிடைக்கும் இடத்தில் வாழ்வோரும் நீர் பிறக்கும் இடத்தில் வாழ்வோரும் ஒரே மொழியினராயினும் ஒரே நலனுடையோர் அல்லர்.

மலைத்தமிழர் தம் அரசியலை எங்ஙனம் அமைத்துக்கொண்டனர் என்பதற்கு இரு சான்றுகள் போதும். 1958-ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சியின் உரோசம்மா புன்னூஸ் வென்றார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி அவருக்காகத் தமிழில் பாடினார். இணைப்புக் கோரிக்கை தோற்ற இரண்டே ஆண்டுகளில் தொழிலாளர் வர்க்க அடையாளம் முன்னிலை பெற்றது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் 20 விழுக்காடு போனசு கோரிப் போராடி வென்றனர். பெரும்பாலும் தமிழ்ப்பெண்களான அவர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் மலையாளப் பெயரால் அறியப்பட்டனர்.

முடிவுரை

தேவிகுளம், பீர்மேடு விவாதத்தை மொழிவிழுக்காட்டுக் கணக்காக மட்டும் காண்பது போதாது. எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டே, எண்ணப்பட்டோரின் உரிமையை ஆணையம் ஐயுற்றது. அவ்வையம் இன்று வேறு வடிவில் நிலவுகிறது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாளிட்ட குடியரசுத்தலைவர் ஆணையின் அடிப்படையில் பட்டியல் சாதித் தகுதி மாநிலவாரியாக வரையறுக்கப்படுகிறது. ஒரு மாநிலத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் மற்றொரு மாநிலத்தில் அத்தகுதியைக் கோரவியலாது என 1990-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதனால், 1950-க்கு முன்பே தம் முன்னோர் கேரளத்தில் வாழ்ந்தமைக்கு ஆவணம் காட்டவியலாத தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு அல்லற்படுகின்றனர். நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத லயத்துக் குடும்பம் அவ்வாவணத்தை எங்கிருந்து பெறும்?

எல்லைக்கோட்டை மீண்டும் வரைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. எக்கோடு வரையப்படினும் அதன் இருபுறமும் உழைத்து வாழ்வோர் எஞ்சுவர். அவர்கள் எந்நாள் முதல் அம்மண்ணின் மக்களாவர் என்ற வினாவை 1956 விடையின்றி விட்டுச்சென்றது. தேயிலைத் தோட்டங்களின் கூலிப் பதிவேடுகள், கங்காணிக் கணக்குகள், லயத்துக் குடும்பங்களின் வாய்மொழி வரலாறுகள் ஆகியவற்றைத் திரட்டுவது இனிவரும் ஆய்வுகளின் கடமையாகும். வரலாற்றெழுத்துக்குப் பயன்படும் அச்சான்றுகள், ஒரு மாணவரின் சான்றிதழுக்கும் பயன்படக்கூடும்.