உடம்பு நன்றாக இருக்கும்போது நிறுத்துகிறார்கள்

“மாத்திரை இலவசம், பரிசோதனை இலவசம். அப்படியும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது ஏன்? அலட்சியம்தானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அலட்சியம் என்பதை நான் ஏற்கவில்லை. விடையில் பாதி அந்தக் கிருமியின் இயல்பிலேயே இருக்கிறது.

மாத்திரை கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். எச்.ஐ.வி.யோ தன் மரபுச் செய்தியை நம் சிடி4 வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. அவற்றில் சில, பழைய நோய்களை நினைவில் வைத்தபடி ஆண்டுக்கணக்கில் ஓய்ந்து கிடப்பவை. அங்கே கிருமி பெருகுவதே இல்லை. அதனால் மருந்துக்கும் அங்கே வேலையில்லை.

கோரை முளைத்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். புல்லைப் பிடுங்கினால் வயல் சுத்தமாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். உழுதால் ஒழியுமா? கிழங்குச் சரம் அறுந்து, துண்டுக்கொரு செடியாகக் கிளம்பும். உடம்புக்குள்ளும் இது நடக்கிறது. கிருமி ஒளிந்திருக்கும் நினைவணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுச் செய்தியும் சேர்ந்தே படியெடுக்கப்படுகிறது. மருந்தைத் தவறாமல் போடுகிறவருக்கும் இது உண்டு. வயல்தான் சுத்தமாகிவிட்டதே என்று களையெடுக்கும் ஆளை நிறுத்தினால் கோரை மண்டும். மருந்தை நிறுத்தினாலும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே ரத்தத்தில் கிருமி பெருகிவிடுகிறது.

நிறுத்தியவருக்கோ பெரும்பாலும் உடனே எதுவும் தெரிவதில்லை. சிடி4 எண்ணிக்கை சத்தமில்லாமல் இறங்குகிறது. மாத்திரை இல்லாமலும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவர் நம்ப, உடம்பே சாட்சி சொல்கிறது. மருந்துக்கு இடைவெளி விடலாமா என்பதில் மருத்துவ உலகுக்கே ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 5,472 பேரை வைத்து நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வில், ஒரு பிரிவினருக்கு சிடி4 350-க்கு மேல் இருந்தால் மருந்தை நிறுத்தி, 250-க்குக் கீழே வந்ததும் தொடங்கினார்கள். 2006-ல் முடிவு வெளியானது: எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றோ மரணமோ நேரும் அபாயம், மருந்தைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி விட்டவர்களுக்கு 2.6 மடங்கு. நிபுணர்களே சோதித்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்றால், நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது; 2004 ஏப்ரலில் ஏ.ஆர்.டி. எனப்படும் இந்த மாத்திரைச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. மருந்து வந்தது, பயம் போகவில்லை. ஏ.ஆர்.டி. மைய வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? ஒரு நாள் கூலி போனால்? லாரியிலோ கட்டட வேலையிலோ வெளியூர் போனவர் தேதியைத் தவறவிடுகிறார். பிறகு, “ஏன் இத்தனை நாள் வரவில்லை?” என்ற அதட்டலுக்குப் பயந்தே வராமல் போகிறார்.

இதற்கெல்லாம் விடை வந்துவிட்டதுபோல, ‘ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, எய்ட்ஸுக்கு முடிவு’ என்று தலைப்புச் செய்திகள் வருகின்றன. நம்பிவிடாதீர்கள். 2025-ல் அமெரிக்கா அனுமதித்த லெனகாபவிர் தடுப்பு ஊசி, தொற்று இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு மாத்திரையை விட முடியாது.

நிறுத்தியவர்கள் இதைப் படித்தால், நாளைக்கே மையத்துக்குத் திரும்பிப் போங்கள். ஊர் மாறியிருந்தால் அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வழி தெரியாவிட்டால் 1097 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. மையத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பி வருகிறவரைத் திட்டாமல் உட்கார வையுங்கள்.