பெஞ்சில் இருந்தவர்கள் – 14: பிரித்துப்போட்ட அரங்கமும் ஆறு வெள்ளியும்

வலேரி கார்னியே, ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரான பிரெஞ்சுப் பெண்மணி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். போன வாரம் இங்கேதான் விட்டோம். மீதியைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் ஆடிய காலத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், 2012இல் அவர் உட்கார்ந்திருந்த அந்த அரங்கம் என்ன ஆயிற்று என்று தேடப்போய் அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பூங்காவின் வடக்கு ஓரத்தில் நின்றது அது. 12,000 பேர் உட்காரலாம். ஆயிரம் டன் இரும்புச் சட்டம், அதன்மேல் 20,000 சதுர மீட்டர் வெள்ளை பிவிசி உறை. நாற்காலிகள் கறுப்பும் ஆரஞ்சும், பந்தின் நிறமாம்! வேடிக்கை என்னவென்றால், பிரிப்பதற்கென்றே திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கல்யாணப் பந்தல் கணக்காகத்தான்: விருந்து முடிந்தது, 2013இல் கழற்றியாயிற்று. அந்த இடத்தில் இப்போது சோபம் மேனர் குடியிருப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாமில் முருங்கைக்காய் வாங்கிய கையோடு போய்ப் பார்த்தேன். செங்கல் வீடுகள், பால்கனியில் சைக்கிள், கீழே ஸ்கூட்டர் ஓட்டும் பிள்ளைகள். சென்டர் சர்க்கிள் யார் வீட்டுச் சமையலறைக்கு அடியில் இருக்கிறதோ!

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2012 ஜூலை 30, எதிரில் ஆஸ்திரேலியா. முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளி வாங்கிய அணி. கடைசி நொடியில் பிரான்ஸ் 65–62 என்று முன்னால் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெலிண்டா ஸ்னெல் நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம், தன் பாதியில் நின்றபடியே பந்தை வீசுகிறார். ஹாரன் அடிக்கிறது. பந்து கூடைக்குள். 65–65!

கைக்கு வந்த ஆட்டம் அப்படிப் பறிபோனால் பல அணிகள் அங்கேயே உட்கார்ந்துவிடும். பிரான்ஸ் உட்காரவில்லை. கூடுதல் நேரத்தில் 74–70 என்று வென்றது. கேப்டன் செலின் டுமெர்க் 23 புள்ளி. நான்கு நாள் கழித்து பிரிட்டனோடும் இதே கதை: கூடுதல் நேரம், 80–77. உள்ளூர்க் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் ஜெயித்த ஆட்டம் அது. இறுதிப் போட்டி வேறு அரங்கில், வடக்கு கிரீனிச்சில். அமெரிக்கா 86–50 என்று நசுக்கியது. பிரான்ஸுக்கு வெள்ளி.

அந்த வெள்ளி கார்னியேவை விடவே இல்லை. 2013 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஸ்பெயினிடம் 69–70, ஒரே புள்ளி! பிறகு தலைமைப் பயிற்சியாளர் பியேர் வின்சென்ட் விலக, பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 2015இல் செர்பியாவிடம் தோல்வி, 2017இலும் 2019இலும் ஸ்பெயினிடம், 2021இல் மறுபடி செர்பியாவிடம். நான்கும் ஐரோப்பியக் கோப்பை இறுதிகள். லண்டனையும் சேர்த்தால் ஆறு வெள்ளி. 'இறுதியில் ஜெயிக்கத் தெரியாதவர்' என்று இதைப் படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெவ்வேறு ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஓர் அணியைத் திரும்பத் திரும்ப இறுதிவரை கொண்டுவருவது என்ன சாதாரண வேலையா? டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே செர்பியாவை 91–76 என்று அடித்து வெண்கலம் வாங்கினார். 2023இல் துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்குப் பயிற்சியாளராகப் போய் பெண்கள் யூரோலீக் பட்டத்தையே தூக்கினார். அந்த கிளப்புக்கு அது இரண்டாவது யூரோலீக் பட்டம்.

பக்கம் நிறைந்துவிட்டது, ஆசிரியர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். ஆட்டக்காரி வலேரி அடுத்த வாரம் கட்டாயம் வருவார். இடம் இருந்தால் பத்மஸ்ரீ வாங்கிய நம் சென்னைக் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையும். அதற்குள் அந்த ஜூலை 30 ஆட்டத்தின் கடைசி நிமிடம் எங்காவது கிடைத்தால் பாருங்கள். ஸ்னெலை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பிரான்ஸ் பெஞ்சைப் பாருங்கள்.