மண் சுவர் ஏன் குளிர்ச்சி?

சித்திரை மாதத்தில் மாலை 5 மணிக்கு அஸ்தம்பட்டியில் வெயில் தாழ்ந்துவிடும். ஆயினும் காங்கிரீட் கூரை போட்ட அறைக்குள் நுழைந்தால் அனல் வீசும். தடித்த மண் சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த பழைய வீட்டிலோ அந்நேரம் இதமாக இருக்கும். இதற்குக் காரணம் என்ன?

வெப்பம் ஒரு பொருளை நொடியில் கடந்துவிடாது. வெளி அடுக்கைச் சூடாக்கிய பின்னரே அடுத்த அடுக்குக்குச் செல்லும். பகல் வெப்பம் 10 செ.மீ. காங்கிரீட்டைக் கடக்கச் சுமார் 3 மணி நேரம் ஆகும், 30 செ.மீ. மண் சுவரைக் கடக்கவோ சுமார் 10 மணி நேரம்! பிற்பகல் 2 மணி வெப்பம் உள்ளே வருவதற்குள் நள்ளிரவாகிவிடும். வழியிலேயே அதன் கடுமையும் பெரிதும் குறைந்துவிடும். எஞ்சியதை, திறந்த சன்னல் வழியே வரும் இரவுக் காற்று வெளியேற்றிவிடும்.

அப்படியானால் மண் வீட்டை ஏன் கைவிட்டோம்? மழைக்கு அது தாங்காது என்பதால்தான். களிமண் நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்.

இக்குறையைப் போக்க வழியுண்டு. செம்மண்ணுடன் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து, அச்சு இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கலாம். 28 நாள் ஈரம் காயாமல் வைத்தால் அது இறுகிவிடும். சூளையும் விறகும் தேவையில்லை. ஆரோவில்லில் இத்தகைய கற்களால் கட்டப்பட்ட பார்வையாளர் மையம், 1992-இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருதைப் பெற்றது. இக்கல்லுக்கும் கருங்கல் அடித்தளமும் அகன்ற இறவாரமும் இருப்பது நல்லது.

எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதன்று. மேல்மண்ணை விலக்கி, அடிமண்ணை எடுங்கள். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதி நீரும், சிட்டிகை உப்பும் இட்டு நன்கு குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணலும், அதன்மேல் வண்டலும், உச்சியில் களிமண்ணும் படியும். மணலும் சிறு கற்களும் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கும், களிமண் ஐந்தில் ஒரு பங்கும் இருப்பின் அது நல்ல மண். கரிசல் மண்ணில் களி மிகுதி, இதற்கு உதவாது.

மண் வீடு ஏழ்மையின் அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், சிமெண்டும் செங்கலும் செய்ய எரிபொருளை எரிக்கிறோம். கரியமில வாயு காற்றில் கலந்து புவியைச் சூடாக்குகிறது. சூடான வீட்டைக் குளிர்விக்க மீண்டும் மின்சாரம் செலவாகிறது. உங்கள் இல்லத்தில் வீடு கட்டும் பேச்சு எழும்போது, முதலில் அந்தப் புட்டியைப் பெற்றோரிடம் காட்டுங்கள்.