வரைபுக்குப் பின்னால் அறுந்துபோன இணைப்பு

‘முறைப்பாடுகள் குறைகின்றன’ என்று தலைப்புப் போடும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்களின் முறைப்பாடுகளைத் தொலைபேசியில் பதிவுசெய்யும் ஓர் அமைப்பின் அலுவலகத்தில், கட்டுரை ஒன்றுக்காக அமர்ந்திருந்தேன். வடக்கில் இயங்கும் சிறிய அமைப்பு. கணினித் திரையில் மாதவாரியான சலாகை வரைபு. மாதம் முடிந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. ஆனால், அந்த மாதத்துக்கான சலாகை முந்தைய மாதத்தின் பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அழைப்புகளை எடுக்கும் அக்கா தேநீர் கொண்டுவந்தபோது அதைச் சொன்னேன்.

“குறைஞ்சதெண்டு ஆர் சொன்னது, தங்கச்சி? போன கிழமை முழுக்க போனைக் கீழ வைக்க விடேல்லை.”

அவர் சொன்னதுதான் சரி. கணினி வேலைகளைக் கவனிக்கும் இளைஞர் வந்து, வரைபின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்த திகதியைக் காட்டினார். கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டு 18 நாட்கள். பாதுகாப்புக்காகத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருக்கிறார்கள். வரைபை உருவாக்கும் மென்பொருளிடம் இருந்தது பழைய கடவுச்சொல். அது சில தடவைகள் முயன்று பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வேலையை விட்டுப்போன ஒருவருடைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த 18 நாட்களில் அழைத்த பெண்களின் முறைப்பாடுகள் எல்லாம் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தன. திரைக்குத்தான் வந்து சேரவில்லை.

அரச திணைக்களம் முதல் சிறு அமைப்பு வரை இன்று எல்லோரும் திரையில் வரைபு காட்டுகிறார்கள். அதைப் பார்த்து நிதி ஒதுக்கப்படுகிறது, செய்தியும் எழுதப்படுகிறது. ஆனால், அந்த வரைபு எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

இணைப்பு என்றால் என்ன?

பவர் பிஐ, டாப்லோ போன்ற பகுப்பாய்வு மென்பொருட்கள் வேறோர் இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் தரவை வாங்கி வரைபாகக் காட்டுபவை. தரவு இருக்கும் இடத்துக்குப் போக அவற்றுக்கு ஐந்து விபரங்கள் தேவை: சேவரின் முகவரி, நுழைய வேண்டிய வாசலின் இலக்கம், தரவுத்தளத்தின் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல். வாசல் இலக்கம் வழக்கமாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432, மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேவருக்கு 1433. இவற்றோடு, இரு பக்கத்துக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர்போல வேலைசெய்யும் ‘டிரைவர்’ என்ற சிறு மென்பொருளும் வேண்டும். இந்த ஐந்து விபரங்களில் ஒன்று மாறினாலும் இணைப்பு அறுந்துவிடும்.

பிரதியா, நேரடியா?

இணைப்பை உருவாக்கும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். தரவைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளவா, அல்லது ஒவ்வொரு தடவையும் நேரடியாகப் போய்க் கேட்கவா? பலர் யோசிக்காமல் கடந்துபோகும் இந்தத் தெரிவில்தான் பாதி விடயம் இருக்கிறது.

பிரதியெடுத்தால் வரைபு வேகமாகத் திறக்கும். தரவுத்தளத்துக்கும் சுமை குறைவு. ஆனால், நீங்கள் பார்ப்பது கடைசியாகப் பிரதியெடுத்த நேரத்து நிலைமையை. பவர் பிஐயின் ‘புரோ’ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 தடவைகள் வரை தானாகப் புதுப்பிக்க நேரம் குறிக்கலாம். தொடர்ந்து 4 தடவைகள் தோல்வியடைந்தால் அந்த நேர அட்டவணையே நிறுத்தப்படும். அப்போதும் வரைபு மறைந்துபோகாது. பழைய பிரதி அதே நிறங்களோடு அங்கேயே நிற்கும். எனக்கு நடந்தது இப்படியான ஒன்றுதான்.

நேரடி இணைப்பில், இணைப்பு அறுந்தால் திரையில் பிழைச் செய்தி வரும், உடனே தெரிந்துவிடும். ஆனால், ஒவ்வொரு சொடுக்குக்கும் தரவுத்தளம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அதே தரவுத்தளத்தில் பதிவுசெய்துகொண்டிருப்பவர்களின் வேலை மெதுவாகலாம். சில ஆயிரம் பதிவுகள் உள்ள சிறு அமைப்புக்குப் பிரதியே போதும். ‘கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்ற திகதியை மட்டும் பெரிய எழுத்தில் வரைபின் தலையில் போட வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சலும் தனியொருவருக்குப் போகாமல் அலுவலகத்தின் பொது முகவரிக்குப் போக வேண்டும்.

தரவுத்தளம் அலுவலகக் கணினியிலேயே இருந்து, வரைபு இணையத்தில் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் ‘கேட்வே’ என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். அது எப்போதும் இயங்கும் கணினியில் இருக்க வேண்டும். ஒருவருடைய மடிக்கணினியில் நிறுவினால், அவர் அதை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது இணைப்பும் போய்விடும். கேட்வே சிரமம் என்று தரவுத்தளத்தின் வாசலை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுவது அதைவிட மோசம். யாரும் வந்து தட்டிப் பார்க்கலாம்.

யாருடைய சாவி?

அந்த அலுவலகத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது வேறொன்று. வரைபுக்கான இணைப்பு, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கின் பெயரில் இருந்தது. முழு அட்டவணையும் அப்படியே பிரதியாகியிருந்தது. வரைபுக்குத் தேவை மாவட்டம், திகதி, முறைப்பாட்டின் வகை ஆகிய மூன்று மட்டுமே. ஆனால், அந்தக் கோப்பைத் திறந்தால் பெண்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடன்தொகை எல்லாம் தெரிந்தன. கடன் வாங்கியதை வீட்டுக்கே மறைத்து வைத்திருக்கும் பெண்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. வரைபுக்கென்று தனிப் பயனர்கணக்கு ஒன்றை உருவாக்கி, வாசிக்கும் அனுமதியை மட்டும் கொடுக்க வேண்டும். தேவையான நிரல்களை மட்டும் காட்டும் ‘வியூ’ ஒன்றைத் தரவுத்தளத்திலேயே அமைத்து, அந்தக் கணக்கு அதை மட்டும் பார்க்கும்படி செய்ய வேண்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் தனிப்பட்ட தரவைக் கையாளக்கூடாது என்பதுதான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றும்.

எங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பல அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதில் தட்டிய ‘கிளிநொச்சி’ தரவுத்தளத்துக்குள் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத்தான் சேமிக்கப்படும். ஒருவர் பாமினியிலும், இன்னொருவர் யூனிகோட்டிலும், மூன்றாமவர் ஆங்கிலத்திலும் பதிந்தால், வரைபில் ஒரே மாவட்டம் மூன்று சலாகைகளாக உடைந்துபோகும்.

எண்களுக்குப் பின்னால் ஆட்கள்

இது சிறு அமைப்புகளுக்கு மட்டும் நேர்வதல்ல. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், ஆய்வுகூடங்கள் அனுப்பிய கொவிட் பரிசோதனை முடிவுகளை எக்செலின் பழைய கோப்பு வகையில் ஏற்றியது. அதில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையில் தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது.

இப்போது யார் வரைபு காட்டினாலும் நான்கு விடயங்களைக் கேட்கிறேன். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? தரவுத்தளத்தில் உள்ள மொத்தப் பதிவுகளும் வரைபின் கூட்டுத்தொகையும் ஒன்றா? எந்தக் கணக்கின் பெயரில் இணைக்கப்பட்டிருக்கிறது? இணைப்பு அறுந்தால் யாருக்குத் தெரியவரும்? பதில் சொல்லத் தயங்கினால் அந்த எண்ணை எழுதுவதில்லை.

அன்று மாலை அந்த இளைஞர் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதுப்பித்தார். கடைசிச் சலாகை முந்தைய மாதத்தைத் தாண்டி உயர்ந்து நின்றது. அக்கா திரையை ஒருதரம் பார்த்துவிட்டு, மணியடித்த தொலைபேசியை எடுக்கப் போனார். நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்த தலைப்பை வெட்டினேன்.