உங்களுக்குத் தெரியுமா? தாயின் நினைவாக ஒரு நீலக்கல்

1981 இல் இளவரசர் சார்லஸுடன் திருமணம் உறுதியானபோது டயானா தேர்ந்தெடுத்த மோதிரத்தில், 14 வைரங்கள் சூழப் பதிக்கப்பெற்ற 12 காரட் நீலக்கல் (ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்) இலங்கை மண்ணில் விளைந்ததாகும். குருந்தம் எனப்படும் அலுமினியம் ஆக்சைடு கனிமத்தில் இரும்பும் டைட்டானியமும் சிறிதளவு கலந்தால் நீலமும், குரோமியம் கலந்தால் மாணிக்கத்தின் செம்மையும் தோன்றுவதால், இவ்விரு மணிகளும் உண்மையில் ஒரே கனிமத்தின் வகைகளே. தமிழரின் சோதிட மரபு நீலத்தைச் சனிக்குரியதாகக் கொண்டு, சில நாள் அணிந்து பார்த்துப் பொருந்தினால் மட்டுமே ஏற்கச் சொல்கிறது. ஐரோப்பிய மரபோ அதை மாறாப் பற்றின் அடையாளமாகப் போற்றியது. எனினும், ஒரு மணிக்கு ஆழ்ந்த பொருளைத் தருவது மரபைவிட அதை அணிந்தவரின் வாழ்வே எனலாம். தாய் டயானா மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 2010 இல், மகன் வில்லியம் அம்மோதிரத்தையே கென்யாவில் தம் வருங்கால மனைவி கேத்தரினுக்கு அளித்தார்.