பிப்ரவரி 28

நம் சங்க அறையின் வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. ‘இந்நாளில்’ என்று தலைப்பிட்டு, அந்தத் தேதியில் முன்பு நடந்த நிகழ்ச்சிகளை நாள்தோறும் அதில் எழுதி வைப்பது இவ்வாண்டு என் பொறுப்பு. சென்ற பிப்ரவரி 28-ஆம் நாள் இரண்டே வரிகள் எழுதினேன். ‘1928: கல்கத்தாவில் சர் சி. வி. இராமன், இராமன் விளைவைக் கண்டார். 1953: கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டனர்.’

அன்று மாலை முதலாண்டுத் தம்பியர் இருவர் வந்தனர். “அண்ணா, இந்த நாளுக்கு ஏதோ ராசி இருக்கிறது. கைகூடாத உங்கள் ஆய்வை இன்றே புதிதாகத் தொடங்கிவிடுங்களேன்” என்றார் ஒருவர். மற்றவர், “இராமனோடு கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தாரே, அவர் பெயர் எங்கே?” என்றார். முதல் கேள்விக்குச் சிரித்தேன். இரண்டாவதற்குச் சிரிக்க முடியவில்லை. இரண்டுக்குமான விடையே இக்கட்டுரை.

முதலில் ராசியைப் பார்ப்போம். ஓர் அறையில் 23 பேர் கூடியிருந்தால், அவர்களுள் இருவருக்கேனும் ஒரே பிறந்த நாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல், ஏறத்தாழ 50.7 விழுக்காடு. நம்புவதற்குக் கடினமாகத் தோன்றும். ஆனால் 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும். வரலாற்றிலோ குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள் ஆயிரமாயிரம். அவற்றை அடுக்குவதற்கு ஆண்டில் உள்ள அறைகள் 366 மட்டுமே. ஒரே அறையில் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் வந்து தங்குவதில் விந்தை என்ன? கமலா நேரு 1936-இல் சுவிட்சர்லாந்தில் மறைந்ததும், நம் முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் 1963-இல் பாட்னாவில் மறைந்ததும் இதே பிப்ரவரி 28-இல்தான். அந்த நாள் நல்லதும் அன்று, தீயதும் அன்று.

தேதி ஒன்றானால் நாளும் ஒன்றாகிவிடும் என்பதுகூட உறுதியில்லை. சேக்சுபியரின் மறைவும் செர்வாண்டிசின் மறைவும் 1616 ஏப்ரல் 23 என்றே குறிக்கப்படுகின்றன. ஆனால் அன்று ஸ்பெயின் புதிய நாட்காட்டியையும் இங்கிலாந்து பழைய நாட்காட்டியையும் பின்பற்றின. இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு!

இனி இரண்டாம் கேள்வி. இதுவே என்னை உறுத்தியது.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த இராமன், 1907-இல், பதினெட்டு வயதில், நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் பௌபஜார் தெருவில் நிறுவிய அறிவியல் கழகத்தின் கூடத்தில், அலுவலகம் போக எஞ்சிய நேரமெல்லாம் ஆராய்ச்சி செய்தார். 1921-இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. நீர் எவ்வாறு ஒளியைச் சிதறச் செய்கிறது என்று ஆராயலானார். 1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு பகுதியைக் கண்டார். நீரில் அழுக்கு இருக்கலாம் என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தனர், அது மறையவில்லை. பின்னர் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினில் அதைத் தெளிவாகக் கண்டார். 1928 பிப்ரவரியில் கே. எஸ். கிருஷ்ணன் பல திரவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். இவர் வத்திராயிருப்பில் பிறந்தவர். அந்நாட்களின் நிகழ்ச்சிகளை நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். 28-ஆம் தேதி, நீல ஊதாக் கண்ணாடியால் வடிகட்டிய ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியை நிறமாலைகாட்டி வழியே நோக்கினர். செலுத்திய நிறத்துக்கு அப்பால், ஓர் இருண்ட இடைவெளியைக் கடந்து, புதிய நிறம் தனியே நின்றது! சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கே இவ்வாறு நிறம் மாறும். மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப மாற்றத்தின் அளவு அமைவதால், அந்த ஒளியைக் கொண்டே மூலக்கூறை அடையாளம் காணலாம்.

மறுநாள் செய்தி வெளியிடப்பட்டது. 1928 லீப் ஆண்டு. மறுநாள் பிப்ரவரி 29. வெளியிட்ட நாளைக் கொண்டாடுவதாயிருந்தால், 1987 முதல் ஆண்டுதோறும் வரும் தேசிய அறிவியல் நாள் நான்காண்டுக்கு ஒருமுறைதான் வந்திருக்கும்! அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்னும் இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டனர் என்பதையும் மறைக்கலாகாது. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது.

சரியாக 25 ஆண்டுகள் கழிந்தன. 1953 பிப்ரவரி 28, சனிக்கிழமை. கேம்பிரிட்ஜில் டி.என்.ஏ.யின் காரப் பகுதிகள் எவ்வாறு இணை சேர்கின்றன என்பது வாட்சனுக்கு விளங்கியது. உயிரின் இரகசியத்தைக் கண்டுவிட்டோம் என்று கிரிக் அன்று நண்பகலில் ஓர் உணவு விடுதியில் முழங்கியதாக வாட்சன் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, 1952 மே மாதத்தில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம். எடுத்தவர்கள் ரோசலிண்ட் பிராங்ளினும் அவர் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும். பிராங்ளின் அறியாமலே அப்படம் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவர் 1958-இல், 37 வயதில் மறைந்தார். 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்சு ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உண்மையான ஒற்றுமை தேதியில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் உருவை, அதன்மேல் பட்டுச் சிதறிய கதிர்களைக் கொண்டு அறிந்தது ஓர் ஒற்றுமை. பலர் பல ஆண்டுகள் நடந்த வழியை ஒரு நாளுக்குள்ளும் ஓரிரு பெயர்களுக்குள்ளும் நாம் சுருக்கிவிட்டது மற்றோர் ஒற்றுமை. என் கரும்பலகையும் அந்தத் தவற்றைத்தான் செய்தது.

என் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதமாக ஓர் அளவீடு படியாமல் நிற்கிறது. ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்தது வீண்தானோ என்று சில இரவுகளில் நினைத்ததுண்டு. இராமநாதன் நீரைத் திரும்பத் திரும்ப வடித்த நாட்களுக்கு எந்த நாட்காட்டியிலும் இடமில்லை. அந்நாட்கள் இல்லாமல் பிப்ரவரி 28-ம் இல்லை. இதை உணர்ந்தபின் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போவது சற்று எளிதாயிருக்கிறது.

அடுத்த ஆண்டு இப்பலகை வேறொரு தம்பியின் கைக்குப் போகும். அவருக்கு ஒரு வேண்டுகோள்: பிப்ரவரி 28-ஆம் நாள் சுண்ணக்கட்டியைச் சிறிது தாராளமாகச் செலவிடுங்கள். இராமநாதன், வெங்கடேசுவரன், கிருஷ்ணன், பிராங்ளின், காஸ்லிங் ஆகிய ஐந்து பெயர்களுக்கும் பலகையில் இடம் இருக்கிறது.