சேகரிப்பு அட்டைத் தரமதிப்பீடு

சேகரிப்பு அட்டைத் தரமதிப்பீடு என்பது பேஸ்பால், போக்கிமான் போன்ற அட்டைகள் உண்மையானவையா, எந்த நிலையில் உள்ளன என்பதைக் கட்டணம் பெற்று ஆய்ந்து சான்றளிக்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1991 இல் தொடங்கிய பிஎஸ்ஏ, இத்துறையின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்று. பெக்கெட், எஸ்ஜிசி, சிஜிசி ஆகியவையும் இப்பணியைச் செய்கின்றன.

மதிப்பிடும் முறை

அச்சு நடுவில் அமைந்துள்ளதா என்பதோடு முனைகள், விளிம்புகள், மேற்பரப்பு ஆகியவையும் ஆராயப்படுகின்றன. பின்னர் அட்டைக்கு 1 முதல் 10 வரை தரம் வழங்கப்பட்டு, எண்ணிட்ட கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அது மூடப்படுகிறது. வெட்டித் திருத்தப்பட்ட அட்டைகளுக்குப் பொதுவாகத் தர எண் வழங்கப்படுவதில்லை.

விலையில் ஏற்படும் மாற்றம்

உயர்தர அட்டைகள் அரிதானவை என்பதால் ஒரு புள்ளி வேறுபாடுகூட விலையைப் பன்மடங்கு மாற்றக்கூடும். எஸ்ஜிசி 9.5 தரம் வழங்கிய 1952 ஆம் ஆண்டு மிக்கி மேண்டில் அட்டை, 2022 இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

செலவுக்கு ஈடாகுமா?

எல்லா அட்டைகளுக்கும் ஈடாகாது. எடுத்துக்காட்டாக, 40 டாலர் பெறுமதியுள்ள அட்டைக்குக் கட்டணமும் அஞ்சல் செலவும் 30 டாலர் என்று கொள்வோம்; மொத்த முதலீடு 70 டாலர். 10 தரம் கிடைத்தால் 150, 9 கிடைத்தால் 60, 8 கிடைத்தால் 35 டாலருக்கு அது விற்கும் என்க. நான்கு அட்டைகளை அனுப்பி, ஒன்று 10, இரண்டு 9, ஒன்று 8 தரம் பெற்றால் மொத்த ஆதாயம் 25 டாலர். ஒன்றுகூட 10 பெறாமல் இரண்டு 9, இரண்டு 8 என அமைந்தால் 90 டாலர் இழப்பு. ஆகவே 10 தரம் கிடைக்கும் வாய்ப்பே ஆதாயத்தை முடிவு செய்கிறது. விற்பனைத் தளம் பிடிக்கும் கழிவும் இக்கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். போலிகள் மிகுந்த பழைய, விலையுயர்ந்த அட்டைகளுக்குத் தரம் குறைவாக இருந்தாலும் உண்மைத்தன்மைச் சான்று பயன்தரும். விற்கும் எண்ணமில்லாதவருக்குச் சாதாரணப் பாதுகாப்பு உறையே போதுமானது.

குறைபாடுகள்

தரமிடுவது மனிதக் கணிப்பு என்பதால் ஒரே அட்டை மறுமுறை அனுப்பப்படும்போது வேறு தரம் பெறுவதுண்டு. பிஎஸ்ஏ தரமிட்ட முதல் அட்டையான ஓனசு வாக்னர் அட்டைக்கு 8 தரம் வழங்கப்பட்டது. அது 2007 இல் 28 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் விளிம்புகளைத் தாமே வெட்டியதாக ஏல நிறுவன உரிமையாளர் பில் மாசுட்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனவே சான்றெண்ணுடன் அட்டையையும் நேரில் ஆராய்ந்த பின்னரே வாங்குவது நல்லது.